முட்டி மாத்திரை

டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும், அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். மாஸ்டர் பக்கத்து சீட்டில். அவர் காலுக்கடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக். வருகிறவர் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடிக்கப் போகிற நேரத்தில் அதை ஒரே மிதி மிதித்து, "விடுங்க, கம்பத்துக்கும் நமக்கும் என்ன வாய்க்கா வரப்புத் தகராறா?" என்பார். தலை நரைக்கும் வரைக்கும் இந்த வேலைதான். ஒரு கம்பம் சாய்ந்ததில்லை, ஒரு நாய்க்கு வால் நசுங்கியதில்லை.

நாள் முழுக்கக் காலை அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு, எப்போது மிதிக்க வேண்டி வருமோ என்று காத்திருந்தால் முட்டி என்னத்துக்கு ஆகும்? அந்த ஸ்கூலில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் முட்டி வலி. ஸ்கூல் முதலாளி மாஸ்டரின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. அவர் முட்டிக்கு என்று ஒரு கேப்ஸ்யூலை மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு காரிலும் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டு வைத்திருப்பார். கண்ணாடி துடைக்கிற துணி, டயர் காற்று பார்க்கிற கருவி, முட்டி மாத்திரை. அந்த ஸ்கூலில் அது மருந்துக் கணக்கில் வராது. பெட்ரோல் கணக்கில் வரும்.

இப்படிப்பட்ட மனிதரின் இரைப்பையை மொத்தமாக எடுத்துவிடப் போகிறார்கள் என்று ஆகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன்.

முதலில் ஷூதான் சொன்னது. காலையில் சரியாக இருந்த ஷூ சாயங்காலம் கழற்ற வரவில்லை. அப்புறம் காலையிலேயே நுழையவில்லை. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்து, விழுந்த குழி நின்றது. இன்னொரு பக்கம் ஆள் இளைத்துக்கொண்டே போனார். நாலு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும், ஐந்தாவது வாய் வெளியே வந்துவிடும்.

"முகம் வத்துது, காலு ஊதுது. மேல இருக்கறதெல்லாம் கீழ இறங்குதா உங்களுக்கு?" என்று கேட்ட மனைவி, சிரித்துக்கொண்டே கேட்டாளே தவிர, அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வயிற்று டாக்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டாள்.

வயிற்று டாக்டர் ஒரு பெண்மணி. அவசரப்படாமல் பேசுகிறவர். தொண்டை வழியாகக் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். எல்லோருக்கும் இரைப்பைக்குள் சின்னச் சின்ன மடிப்புகள் இருக்குமாம். மாஸ்டருக்கு ஈரப் போர்வையைச் சுருட்டித் திணித்த மாதிரி இருந்தது.

"உள்தோல் இப்படித் தடிச்சுப் போச்சு. ரத்தத்துல இருக்க வேண்டிய புரதம் இது வழியா வயித்துக்குள்ள கசிஞ்சு வீணாப் போகுது. ரத்தத்துல புரதம் கொறஞ்சா காலு வீங்கும்" என்றார் டாக்டர்.

"ஆயில் லீக்கா, டாக்டர்?"

"கிட்டத்தட்ட அதேதான்."

"இதுக்கு என்ன பேரு?"

"மெனெட்ரியே நோய். மொதல்ல கண்டு எழுதின டாக்டரோட பேரு. ரொம்ப அபூர்வம். நானே புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன். நேர்ல பாக்கற மொத ஆள் நீங்கதான்."

"இவருக்கு எதுலயுமே சாதாரணமா வரத் தெரியாது டாக்டர்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது ஏன் வருதுன்னு யாருக்கும் முழுசாத் தெரியாது. ஆனா இது வந்த சில பேருக்கு வயித்துல ஒரு கிருமி இருந்திருக்கு. ஹெலிகோபாக்டர் பைலோரின்னு பேரு. அந்தக் கிருமியை மருந்து குடுத்துக் கொன்னப்புறம், இந்த மடிப்பெல்லாம் வத்திப்போய் நல்லாயிருக்காங்க. எல்லாரும் இல்ல, சில பேரு. உங்களுக்கும் அந்தக் கிருமி இருந்தா நமக்கு ஒரு வழி இருக்கு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் நடந்த கூத்தைக் கேளுங்கள். உலகத்தில் எல்லோரும் நோய் நொடி அண்டக்கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள். இவர்கள் கிருமி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். மச்சான் போனில் "மாமா, வந்துடுச்சா கிருமி?" என்று விருந்தாளியை விசாரிப்பது போல விசாரித்தார்.

சோதனைக்கு முன்னால் ஒரு நிபந்தனை இருந்தது. நெஞ்செரிச்சலுக்காக மாஸ்டர் தினமும் போட்டுக்கொண்டிருந்த ஒமெப்ரசோல் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்த வேண்டும். வயிற்றில் அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை அது. அதைப் போட்டால் கிருமி சாகாது, ஆனால் சோதனைக்குச் சிக்காமல் பதுங்கிக்கொள்ளும் என்று டாக்டர் விளக்கினார். பெயரை இருவரும் மூன்று தடவை திருப்பிச் சொன்ன பிறகுதான் விட்டார். "ஒமெப்ரசோல், ஒமெப்ரசோல்" என்று மனைவி வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். இருந்த அட்டைகளையெல்லாம் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் ஒப்படைத்தாள். கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தாள். நெஞ்சு எரிந்து மாஸ்டர் புரண்டு புரண்டு படுத்தபோதும் மசியவில்லை.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது மாஸ்டர், "ஒன்னும் இல்ல டாக்டர்" என்றார். பொய் சொல்லவில்லை, பாவம். அப்படித்தான் அவர் நினைத்தார்.

எதையோ குடிக்க வைத்து, பையில் ஊதச் சொன்னார்கள். கிருமி இல்லை. கேமரா வழியாகக் கிள்ளி எடுத்த சதையிலும் தேடினார்கள். அங்கேயும் இல்லை. வெளியூரிலிருந்து ஒரு ஊசி மருந்தை வரவழைத்துப் போட்டுப் பார்த்தார்கள். வயிறு அப்படியே இருந்தது, முகம் முழுக்கப் பரு வந்ததுதான் மிச்சம். "பேரன் எடுக்கற வயசுல உங்களுக்குப் பருவம் திரும்புதாக்கும்" என்று மனைவி களிம்பு தடவிவிட்டாள். புரதம் இறங்கிக்கொண்டே போனது. இதற்குமேல் விட்டால் உயிருக்கு ஆபத்து, இப்படியே விட்டால் புற்றாக மாறவும் கூடும் என்று டாக்டர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். இரைப்பையை எடுத்துவிட்டு, உணவுக்குழாயைக் கொண்டுபோய் நேராகக் குடலில் இணைத்துவிடுவது.

"பைபாஸ் ரோடு போடறாங்க, அவ்வளவுதான். ஊருக்குள்ள போகாம நேராப் போயிடும்" என்று மாஸ்டர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். சிரிக்கிறாரே என்று நம்பிவிடாதீர்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு எப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். ஒரு நாளைக்கு எட்டு வேளை. ஒவ்வொரு வேளையும் ரெண்டே ரெண்டு கரண்டி. நிறுத்தி மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது. கேட்டுக்கொண்டு வந்த மனைவி, வழியிலேயே கடையில் இறங்கி ஆறு சின்னக் கிண்ணங்கள் வாங்கினாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற கிண்ணம். மாஸ்டருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம், மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். சமையலறையில் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் அந்தச் சின்னக் கிண்ணம். அதில் ரெண்டு கரண்டி சாதம். ஒரு வாய் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து மென்றுகொண்டிருந்தாள்.

"என்ன பண்றே நீ?"

அவள் திடுக்கிட்டுக் கிண்ணத்தை மறைக்கப் பார்த்தாள். அப்புறம், மறைத்து என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டாள்.

"எப்படி இருக்கும்னு பாக்க வேணாமா? நாளைக்கு நீங்க பசிக்குதும்பீங்க, நான் கூடாதும்பேன். அந்தப் பசி எனக்குத் தெரியலன்னா எந்த வாயால கூடாதுன்னு சொல்றது?"

"எத்தனை நாளா?"

"கிண்ணம் வாங்கின நாள்லேருந்து. உங்க முன்னாடிதான் தட்டுல சாப்பிடற மாதிரி பாவலா பண்றேன். கஷ்டம்தான். ஆனா பழகிடும். நெஜமாப் பழகிடும்ங்க."

தன்னைப் பற்றிய கவலையிலேயே மூழ்கிக் கிடந்ததில், மனைவியின் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குகிற அளவுக்கு அவள் இளைத்துவிட்டதை அவர் கவனிக்கவே இல்லை. கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். சின்ன அழுகை இல்லை, நல்ல அழுகை. கத்தி படப்போவதற்கு அவர் அப்படி அழவில்லை. அந்த ரெண்டு கரண்டிக்குத்தான் அழுதார்.

இனி ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாஸ்டரிடம் அப்போது கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு ஸ்கூலில் வைத்த பட்டப்பெயர் அது. ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிக்கிற உத்தியோகம். கணீரென்று குரல். ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்ட ஆசை வந்து, டெஸ்டில் மூன்று தடவை தோற்றிருந்தார். "பாதி வாழ்க்கை ரயில் தாமதம்னு மன்னிப்புக் கேட்டே போச்சு மாஸ்டர். இனிமே நான் நெனச்ச நேரத்துக்குக் கெளம்பணும்" என்பார்.

மாஸ்டர் பாடம் சொல்லிக்கொடுக்கிற முறை ஒன்று உண்டு. ஓட்டுகிறவர் கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சைக்கிள், வளைவு, பள்ளிக்கூடம், குறுக்கே குழந்தை. சொன்னால்தான் பார்த்ததாகக் கணக்கு. மற்றவர்களுக்கு இது கூச்சமாக இருக்கும். ரேடியோவுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. பார்த்ததையெல்லாம் அறிவிப்பார். "இடப்பக்கம் வளைவு. வேகம் முப்பது. முடி திருத்தப்படும். பல் கட்டப்படும். இங்கே வண்டி நிறுத்தாதீர்." அறிவிக்கிற மும்முரத்தில் கியர் மாற்ற மறந்துவிடுவார், அதுதான் தோல்விக்குக் காரணம்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை. கிண்ணத்தைப் பார்த்ததற்கு மறுநாள். மாஸ்டர் வேலைக்கு வந்திருக்கவே வேண்டாம். வீட்டில் அந்தக் கிண்ணங்களோடு இருக்க முடியாமல் வந்துவிட்டார். பெரிய நாற்சந்தியில் சிவப்பு விழுந்தது. ரேடியோ சரியாக நிறுத்தினார். மாஸ்டருக்கு முட்டி விண்விண்ணென்று தெறித்தது. டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்தார். அதில் ஒரு கேப்ஸ்யூலைப் பிதுக்குவதற்குள், பக்கத்திலிருந்து கணீரென்று அறிவிப்பு கிளம்பியது.

"மூட்டு வலி நிவாரணி. வயிற்றைப் பாதுகாக்கும் ஒமெப்ரசோல் சேர்ந்தது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். பச்சை விளக்கு. புறப்படுகிறேன்."

"நில்லுங்க" என்றார் மாஸ்டர்.

"பச்சை மாஸ்டர். பின்னாடி மூணு வண்டி ஹாரன் அடிக்குது."

"சரி, போங்க. போய் ஓரமா நிறுத்துங்க."

ரேடியோ கண்ணாடி பார்த்து, தலையைத் திருப்பிப் பார்த்து, சிக்னல் போட்டு, கியரைக் குறைத்து, நடைபாதையை ஒட்டி அலுங்காமல் நிறுத்தினார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தார். பாராட்டத்தான் மாஸ்டருக்கு நினைவில்லை. அட்டையை நீட்டினார்.

"இன்னொரு தடவை படிங்க."

ரேடியோ படித்தார். மாஸ்டர் தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் படித்தார். வலிக்கு ஒரு மருந்து, அந்த வலி மருந்து வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க இன்னொரு மருந்து, இரண்டையும் ஒரே உறைக்குள் போட்டு வைத்திருந்தார்கள். பொடி எழுத்தில், ஆனால் தெளிவாகப் போட்டிருந்தது. எத்தனையோ வருஷமாகச் சிவப்பு விளக்கில் பிதுக்கி விழுங்கிய அட்டை. ஒரு தடவைகூட அவர் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. பையில் ஊதிய அன்று காலையிலும் ஒன்று போட்டுக்கொண்டுதான் போனார்.

முகத்தில் ஈயாடவில்லை. ரேடியோ பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். மாஸ்டர் நடந்ததையெல்லாம் சொன்னார். கிருமி, சோதனை, திங்கட்கிழமை ஆபரேஷன், சின்னக் கிண்ணம் வரைக்கும்.

"அப்போ அந்த டெஸ்ட்டு செல்லாதே மாஸ்டர்! உடனே டாக்டருக்குப் போன் போடுங்க."

மாஸ்டர் போனைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"மறுபடி டெஸ்ட்டு எடுத்து, மறுபடி இல்லன்னு வந்தா? போன தடவை இல்லன்னு சொன்னப்ப அவ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்பத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு அந்தக் கிண்ணத்துக்குப் பழகிட்டு இருக்கா. திரும்ப ஆசை காட்டி, திரும்ப ஏமாத்தச் சொல்றீங்களா?"

ரேடியோ என்ஜினை அணைத்தார்.

"மாஸ்டர், நான் தெனமும் ஆயிரம் பேருக்குச் சொல்றேன், ரயில் வருதா வரலையான்னு. வராதுன்னு சொன்னாக்கூட ஜனங்க தாங்கிக்குவாங்க. தெரிஞ்சும் சொல்லாம விட்டா மன்னிக்கவே மாட்டாங்க. நம்பரைச் சொல்லுங்க, நானே போடறேன்."

போட்டும் விட்டார். டாக்டர் எடுத்தார். மாஸ்டர் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார்.

"எத்தனை நாளாப் போடறீங்க?"

"நாளா? பல வருஷமா டாக்டர்."

"வேற மாத்திரை சாப்பிடறீங்களான்னு நான் கேட்டேனே!"

"நீங்க மாத்திரையத்தான் கேட்டீங்க. இது வந்து... முட்டிக்கு."

டாக்டர் பெருமூச்சு விட்டது போனிலேயே கேட்டது. "முட்டியப் பத்தி நானும் கேட்டிருக்கணும். சரி, கவனமாக் கேளுங்க. இனிமே அதுல ஒன்னுகூட வாயில படக்கூடாது. அந்த வலி மருந்தும் உங்க வயித்துக்கு ஆகாது. ஆபரேஷனைத் தள்ளி வைக்கச் சொல்லி நான் பேசறேன். கொஞ்ச நாள் தள்ளிப்போனா தாங்கும், ஆனா ரொம்ப நாள் தாங்காது. கிருமி இருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இன்னொரு தடவை பாக்காம கத்தி வைக்க விட மாட்டேன்."

டாக்டரிடம் சொன்னது ஒன்றுமே இல்லை. வீட்டில் சொல்ல வேண்டுமே! கத்தியைவிட மாஸ்டருக்கு அதுதான் பயம். அட்டையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னார்.

மனைவி அட்டையை எடுத்தாள். திருப்பினாள். உதடு அசையப் படித்தாள். அப்புறம் பிடித்தது பாருங்கள் மழை.

"அடப்பாவி மனுஷா! நெஞ்சு எரியுதுன்னு நீங்க துடிச்சப்ப, ஒரு மாத்திரை குடுத்துத் தொலைச்சா என்னன்னு என் கையி பதறும். குடுக்கக் கூடாதுன்னு கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். பக்கத்து வீட்டுல கொண்டுபோய் ஒளிச்சு வெச்சேன். நான் இங்க வாசல்ல காவல் காக்கறேன், நீங்க அங்க கார்ல உக்காந்து கொல்லப்பக்கமா விட்டுட்டு இருந்தீங்களா? ஊருக்கெல்லாம் தலையத் திருப்பிப் பாரு, தலையத் திருப்பிப் பாருன்னு சொல்ற வாயி! ஒரு அட்டையத் திருப்பிப் பாக்கத் தெரியல!"

மச்சானுக்கும் போன் போனது. அன்று சாயங்காலமே மனைவி ஸ்கூலுக்குப் போய், வரிசையாக நின்ற கார்களின் பெட்டிகளைத் திறந்து அத்தனை அட்டையையும் வாரி ஒரு பையில் போட்டாள். யாரும் எதிரே வந்து நிற்கவில்லை. நிற்க முடியாது.

வீட்டுக்கு வந்து, பையைப் போட்டுவிட்டு, பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஏங்க."

"சொல்லு."

"அப்போ கிருமி இருக்கலாம், இல்ல?"

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம். அதான் உன்கிட்ட சொல்லவே பயந்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா உங்களைக் கொன்னுருப்பேன்" என்று சொல்லி, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அன்றிரவும் அவள் சின்னக் கிண்ணத்தில்தான் சாப்பிட்டாள். இப்போது மறைத்துச் சாப்பிட வேண்டிய அவசியம் இல்லை.

மறுசோதனைக்காகக் காத்திருந்த இரண்டு வாரமும் லேசில் போகவில்லை. நெஞ்சு எரிந்தது, முட்டியும் சேர்ந்துகொண்டது. மாடிப்படி ஏறுவதற்குள் மாஸ்டர் தலையால் தண்ணீர் குடித்தார். காலைத் தூக்கி பிரேக்கின் மேல் வைத்திருக்க முடியவில்லை. ரேடியோவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார். "இனிமே என் காலை நம்பாதீங்க. நீங்க மிதிச்சாத்தான் வண்டி நிக்கும்." ரேடியோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினார். தானே பார்த்தார், தானே சொன்னார், தானே மிதித்தார். அந்த மாதம் நாலாவது தடவையாக டெஸ்டுக்குப் போய்த் தேறிவிட்டார். இத்தனை வருஷமாக இவர்களையெல்லாம் நான்தான் கெடுத்து வைத்திருந்தேனோ என்று மாஸ்டருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மறுபடி பையில் ஊதினார். ஊதும்போது மனைவி பக்கத்தில் நின்று, தானும் கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் மத்தியானம் போன் வந்தது. மாஸ்டர் அதை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவள்தான் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"இருக்குங்க. கிருமி இருக்கு. நல்லாவே இருக்கு" என்றார் டாக்டர்.

"வயித்துல பாலை வார்த்தீங்க டாக்டர்!" என்று கத்தினாள். வாசலுக்கு ஓடினாள். எதிர்வீட்டுக்காரி குப்பை கொட்ட வந்தவள் நின்றாள். "எங்க வீட்டுக்காரருக்கு வயித்துல கிருமி இருக்காம்!" என்று இவள் பூரித்துப்போய்ச் சொல்ல, அந்த அம்மாள் ரெண்டடி பின்னால் தள்ளி நின்று, "அய்யோ, அப்படியா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தத் தெரு முழுக்க அன்றைக்கு அப்படித்தான் சேதி பரவியது.

ரெண்டு வாரம் மருந்து. காலையில் ஒரு கை மாத்திரை, ராத்திரி ஒரு கை மாத்திரை. வாயெல்லாம் பழைய சாவியைச் சப்பின ருசி. அதற்குப் பிறகு காத்திருப்பு. கிருமி செத்தாலும் மடிப்பு வற்றுமா என்பது யாருக்கும் தெரியாது, டாக்டர் அதை மறைக்கவில்லை. முதல் மாதம் பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் ரத்தத்தில் புரதம் ஒரு துளி ஏறியது. "ஒரு துளிதான், குதிக்காதீங்க" என்றார் டாக்டர். குதிக்காமல் இருக்க மனைவி ரொம்பக் கஷ்டப்பட்டாள். அப்புறம் ஒரு நாள் கணுக்காலை அழுத்திப் பார்த்தபோது குழி விழுந்த வேகத்தில் திரும்பி வந்தது. இன்னொரு நாள், கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடந்த பழைய ஷூவை எடுத்து மாஸ்டர் காலை நுழைத்தார். போனது. சாயங்காலம் கழற்றினார், வந்தது. அன்று முழுக்க அதைப் போடுவதும் கழற்றுவதுமாகவே இருந்தார்.

ஆனால் உள்ளே என்ன ஆயிற்று என்று கேமராதானே சொல்ல வேண்டும்? பழையபடி தொண்டை வழியாக விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். மாஸ்டருக்குப் படிப்பு தேவைப்படவில்லை. ஈரப் போர்வையைக் காணோம். சின்னச் சின்ன மடிப்புகள், அங்கங்கே கொஞ்சம் தடிப்பு.

"முழுசா நல்லாயிடுச்சுன்னு நான் இன்னிக்கே சொல்ல மாட்டேன். வருஷா வருஷம் வந்து எங்கிட்ட காட்டணும். முட்டிக்கு வேற வைத்தியம் பாத்துக்கங்க. ஆனா..." டாக்டர் சிரித்தார். "இந்த வயித்தை எடுக்க வேண்டிய அவசியம் இல்ல. வெச்சுக்குங்க, உங்களுதுதான்."

மனைவி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் வீட்டில் சாப்பாடு. மனைவி மாஸ்டருக்குத் தட்டு நிறையப் பரிமாறினாள். அவர் நாலாவது வாய் தாண்டி, ஐந்தாவது வாய் தாண்டி, பேசாமல் சாப்பிட்டுக்கொண்டே போனார். அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதித் தட்டு காலியானதும் நிமிர்ந்தார். எதிரே அவள் முன்னால் அந்தச் சின்னக் கிண்ணம். ரெண்டு கரண்டி சாதம். அவளை அறியாமலே கை பழக்கத்தில் எடுத்து வைத்திருந்தது.

மாஸ்டர் எழுந்தார். அலமாரியிலிருந்து பெரிய தட்டு ஒன்றை எடுத்து வந்தார். கிண்ணத்தை அவள் முன்னாலிருந்து நகர்த்தி, அதிலிருந்ததைத் தட்டில் கவிழ்த்து, மேலே சாதமும் குழம்பும் முட்டையும் அள்ளி அள்ளி வைத்தார்.

"போதும்ங்க, போதும். இவ்வளவு எப்படிச் சாப்பிடறது?"

"சாப்பிடு" என்றார். "எனக்கு மட்டும் இல்லம்மா. உன் ஆபரேஷனும் கேன்சல்."

அவள் முதல் வாயை எடுத்து வாயில் வைத்தாள். மெல்ல முடியாமல் அழுதாள். அழுது முடித்துவிட்டு, தட்டைக் காலி செய்தாள்.